தேன்கூட்டின் மணமொழியும் அதனை ஒட்டுக்கேட்கும் பகைவனும்

ஒலிபரப்பு நிலையத்தின் ஓர் அறையிலிருந்து நான் பேசுகின்றேன். என் முகத்தை நீங்கள் காண்பதில்லை. உங்கள் முகத்தை நான் காண்பதில்லை. எனினும் என் சொல் உங்களை வந்தடைகின்றது. வானொலியின் இயல்பு அது. அதற்கு இன்னோர் இயல்பும் உண்டு. காற்றிலே விட்ட சொல்லை இன்னார் கேட்கலாம், இன்னார் கேட்கலாகாது என்று ஒலிபரப்பியவன் வரையறுத்துவிட முடியாது. நண்பனும் கேட்பான், பகைவனும் கேட்பான். இவ்விரண்டு இயல்புகளையும் மனத்தில் இருத்திக்கொண்டு, என்னுடன் ஒரு தேன்கூட்டினுள் வாருங்கள்.

எங்கள் பாடசாலைத் தோட்டத்து மாமர நிழலிலே ஒரு தேனீப் பெட்டி இருக்கின்றது. அதில் வாழ்வது மரப்பொந்துகளிலே கூடு கட்டும் நம் நாட்டுத் தேனீ. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒருநாள் ஆண் தேனீ வளரும் அறையொன்றின் மூடியை முள்ளினால் நீக்கிப் பார்த்தான். உள்ளே கிடந்த வெண்ணிறக் கூட்டுப்புழுவின்மேல் செங்கபில நிறமான புள்ளியொன்று ஊர்ந்தது. "ஐயா, தேனீக்கும் பேன் பிடிக்குமோ?" என்று கேட்டான். நூல்களைப் புரட்டிப் பார்த்து, அது வரோவா என்னும் குலத்தைச் சேர்ந்த உண்ணியென்றும், அக்குலத்து உண்ணியொன்றே மேலைநாடுகளில் தேனீக் குடிகளை அழித்து வருகின்றதென்றும் மறுநாள் அவனுக்குக் கூறினேன். உடனே இரண்டாவது வினாவைத் தொடுத்தான்: "அப்படியென்றால் எங்கள் பெட்டி ஏன் அழியவில்லை, ஐயா?" கலைப் பட்டதாரியாகிய எனக்கு அதற்கு விடை தெரியவில்லை. அந்த விடையைத் தேடிச் சென்றபோது கண்டவற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப்போகின்றேன்.

தேன்கூட்டினுள்ளே வெளிச்சம் கிடையாது. ஐரோப்பியத் தேனீயின் பெட்டியொன்றிலே கோடைகாலத்தில் 40,000க்கும் மேற்பட்ட தேனீக்கள் வாழும். அந்த இருளிலே ஒன்றையொன்று இனங்காண்பதும், இராணி நலமாக இருக்கின்றாள் என்று அறிவதும், பசித்த புழுவுக்கு உணவூட்டுவதும், பகைவன் வந்தால் திரண்டெழுவதும் பெரும்பாலும் மணத்தினாலேயே நடைபெறுகின்றன. ஓர் உயிர் தன் இனத்தைச் சேர்ந்த மற்றோர் உயிருக்குச் செய்தியாக வெளிவிடும் இரசாயனப் பொருளுக்குக் கால்சன், லூஷர் என்னும் இரு விஞ்ஞானிகள் 1959ஆம் ஆண்டிலே 'பெரமோன்' என்று பெயரிட்டனர். சுமத்தல், தூண்டுதல் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களிலிருந்து அப்பெயர் பிறந்தது. அதே ஆண்டிலே ஜேர்மானிய விஞ்ஞானியாகிய பூற்றனன்ற், பெண் பட்டுப்பூச்சி ஆணை அழைக்கும் மணப்பொருள் இன்னதென்று கண்டறிந்து வெளியிட்டார். அந்தச் சிறுதுளியைப் பிரித்தெடுக்க அவருக்கு ஏறக்குறைய ஐந்து இலட்சம் பூச்சிகள் வேண்டியிருந்தன. இதனை நாம் தமிழில் மணச்செய்தி என்று கூறிக்கொள்வோம்.

தேனீயின் மணச்செய்திகளிற் சில நமக்கும் எட்டுவன. தேனீ கொட்டியவுடன் கொடுக்கின் அடியிலிருந்து எழும் மணம் பழுத்த வாழைப்பழத்தின் மணத்தை ஒத்தது; இங்கே பகைவன் இருக்கின்றான், வாருங்கள் என்பது அதன் பொருள். புழுக்களும் செய்தி அனுப்புகின்றன. வளர்ந்து முற்றிய புழு தன் தோலிலிருந்து எசுத்தர்கள் எனப்படும் எளிய கொழுப்புப் பொருள்கள் சிலவற்றை வெளிவிடுகின்றது. எனக்கு இனி உணவு வேண்டா, என் அறையை மெழுகினால் மூடுங்கள் என்பது அதன் பொருள். செவிலித் தேனீக்கள் அதை உணர்ந்து அறைவாயிலை மூடிவிடுகின்றன. இந்தக் கடைசிச் செய்தியை நேயர்கள் மறவாதிருக்க வேண்டும். நம் கதையின் திருப்பம் இங்கேதான் இருக்கின்றது.

இனிப் பகைவனைப் பார்ப்போம். 1904ஆம் ஆண்டில், யாவாத் தீவிலே ஆசியத் தேனீயின் கூட்டிலிருந்து யாக்கொப்சன் என்பவர் சேகரித்த உண்ணியொன்றை ஒல்லாந்த அறிஞராகிய ஊடமான்சு முதன்முதலாக விவரித்தார். தேன்வதையின் அறைகள் ஏன் அறுகோணமாக இருக்கின்றன என்று பண்டு ஆராய்ந்த உரோமானியப் புலவர் வாரோவின் பெயரால் அதனை வரோவா என்று அழைத்தார். அக்காலத்திலே அது ஓர் அரும்பொருட்சாலைக் குறிப்பாக மட்டுமே இருந்தது. ஏனெனில் ஆசியத் தேனீக்கு அதனாற் பெருங்கேடு விளையவில்லை. பின்னர் ஐரோப்பியத் தேனீயை மனிதன் தேனின் மிகுதி கருதிக் கிழக்காசியாவுக்குக் கொண்டுசென்றான். இரண்டு தேனீக்களும் அருகருகே வாழ்ந்தபோது, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியை அண்டி, உண்ணி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியது. அதன்பின் தேனீப் பெட்டிகளோடு சேர்ந்து அதுவும் உலகஞ் சுற்றியது. 1977இல் ஜேர்மனியில், 1987இல் அமெரிக்க ஐக்கிய நாட்டில், 1992இல் இங்கிலாந்தில், 2000ஆம் ஆண்டில் நியூசிலாந்தில் அது காணப்பட்டது. 2022ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அவுஸ்திரேலியாவின் நியூகாசில் துறைமுகத்தை அண்டிய பெட்டிகளிலே தோன்றியது. அந்நாட்டார் அதனை வேரோடு ஒழிக்க முயன்று, பல்லாயிரம் பெட்டிகளை அழித்தும் பயன்பெறாது, 2023ஆம் ஆண்டு செத்தெம்பரில் அம்முயற்சியைக் கைவிட்டனர். ஐரோப்பியத் தேனீக்குத் தாவிய உண்ணி யாவாவிற் கண்ட உண்ணியின் வேறான ஓரினம் என்று 2000ஆம் ஆண்டிலே அன்டர்சன், துரூமன் ஆகிய இருவரும் நிறுவினர். அதற்கு அவர்கள் சூட்டிய சிறப்புப் பெயரின் பொருள் 'அழிப்பவன்' என்பதாகும்.

இந்த உண்ணி அகலத்தில் ஒன்றரை மில்லிமீற்றர் அளவினது; நண்டைப் போல நீளத்தினும் அகலம் மிகுந்தது. நமக்கு அது சிறிதாகத் தோன்றலாம். தேனீயின் உடலோடு ஒப்பிட்டுப் பார்த்தால், மனிதன் ஒருவனின் விலாவிலே உணவுத்தட்டளவான ஓர் ஒட்டுண்ணி பற்றிக்கொண்டிருப்பதை ஒக்கும். அது தேனீயின் குருதி போன்ற நீரை உறிஞ்சுகின்றது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அதன் முக்கிய உணவு, நம் ஈரல் செய்யும் தொழில்களைத் தேனீயின் உடலிற் செய்யும் கொழுப்புத் திசுவே என்று 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று காட்டியது. அதனோடு நில்லாது, கடித்த வாயினால் வைரசு நோய்களையும் பரப்புகின்றது. சிறகு சுருங்கிப் பறக்க இயலாது பெட்டி வாயிலிலே ஊர்ந்து திரியும் இளந்தேனீக்களைக் கண்டால், உள்ளே உண்ணி பெருகிவிட்டது என்று வளர்ப்போர் அறிந்துகொள்வர். மருந்திடாது விட்டால் ஐரோப்பியத் தேனீயின் குடி பெரும்பாலும் சில ஆண்டுகளுக்குள் அழிந்துபோகின்றது.

இவ்வளவு கொடிய பகைவனுக்குக் கண் இல்லை என்றால் நம்புவீர்களா? உண்மையில் இல்லை. அதன் முன்னங்கால்களின் நுனியிலே நுண்ணிய குழிகள் உண்டு. அவையே அதற்கு மூக்கு. அக்கால்களை முன்னே தூக்கி அசைத்துக்கொண்டு, இருளிலே மணத்தை நுகர்ந்து நுகர்ந்து வாழ்கின்றது. அதன் வாழ்க்கையை நான்கு கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு கட்டத்திலும் மணமே அதற்கு வழிகாட்டுகின்றது.

முதலாவது, பெண் உண்ணி வளர்ந்த தேனீயொன்றின்மேல் ஏறிக்கொள்ளுதல். எந்தத் தேனீயின்மேலும் அது ஏறுவதில்லை. வெளியே சென்று தேன் திரட்டும் முதிர்ந்த தேனீயின்மேல் ஏறினால் வழியிலே மடிய நேரும். புழுக்களுக்கு உணவூட்டும் செவிலித் தேனீயின்மேல் ஏறினாலோ அது தொட்டில் வாயில்வரை கொண்டுபோய்விடும். இவ்விருவகைத் தேனீக்களின் மணமும் வேறு வேறு. அந்த வேறுபாட்டை உணர்ந்து செவிலியையே உண்ணி தேர்ந்துகொள்கின்றது.

இரண்டாவது, தொட்டிலினுள் நுழைதல். அறைவாயில் மூடப்படுவதற்குச் சற்று முன்னரே அது உள்ளே புகவேண்டும். பெண்ணினமாகிய வேலைத்தேனீயின் அறையாயின் மூடுவதற்கு முன் 15 முதல் 20 மணி நேரத்துக்குள்ளும், ஆண் தேனீயின் அறையாயின் 40 முதல் 50 மணி நேரத்துக்குள்ளும் நுழைகின்றது. நுழைந்து, புழுவின் அடியிலுள்ள உணவுக் கூழிலே மூழ்கி மறைந்திருக்கின்றது.

மூன்றாவது, இனம்பெருக்குதல். அறை மூடப்பட்டு ஏறக்குறைய மூன்று நாள் கழிந்தபின் முதல் முட்டையை இடும். அதிலிருந்து ஆண் உண்ணி பிறக்கும். பின்னர் ஏறத்தாழ முப்பது மணி நேரத்துக்கு ஒன்றாக இடும் முட்டைகளிலிருந்து பெண் உண்ணிகள் பிறக்கும். நான்காவது, அந்தச் சின்னஞ்சிறு அறையினுள்ளேயே ஆண் உண்ணி தன் உடன்பிறந்த பெண் உண்ணிகளோடு, அவை ஒன்றன்பின் ஒன்றாகப் பருவமடைய, புணர்தல். தேனீ மூடியைக் கடித்துக்கொண்டு வெளிவரும்போது தாயும், முதிர்ந்த பெண்மக்களும் அதன்மேல் ஏறி வெளியேறுகின்றன. ஆண் உண்ணி அந்த அறையிலேயே மாண்டுபோகின்றது.

ஆண் தேனீ வளர்ந்து முற்றுவதற்கு வேலைத்தேனீயினும் கூடிய நாள் வேண்டும். ஆதலால் அதன் அறையிலே உண்ணிக்கு அதிக மக்கட்பேறு கிட்டுகின்றது. இதனால் உண்ணி ஆண் தேனீயின் புழுவையே பெரிதும் நாடுகின்றது. வேலைத்தேனீயின் அறையொன்றில் ஓர் உண்ணி நுழைந்தால், ஆண் தேனீயின் அறையொன்றில் ஏறக்குறைய எட்டு நுழையும் என்று கணக்கிட்டிருக்கின்றனர். இருளிலே, கண்ணில்லாத பூச்சி, இது ஆண் புழு, இது பெண் புழு என்று எங்ஙனம் அறிகின்றது?

இந்த வினாவுக்குப் பிரான்சு நாட்டைச் சேர்ந்த லெ கொன்த் என்பவரும் அவருடன் உழைத்தோரும் 1989ஆம் ஆண்டிலே விடையளித்தனர். ஆண் புழுவின் மணத்தை ஒரு காற்றுக் குழாயிலும், வெறுங்காற்றை வேறு குழாய்களிலும் செலுத்தி, உண்ணி எத்திசையை நாடுகின்றது என்று பார்த்தனர். அது மணம் வந்த திசையை நாடிற்று. அந்த மணத்தைப் பகுத்துப் பார்த்தபோது, அதிலே உண்ணியை மிகுதியாக ஈர்த்தது மெதயில் பாமிற்றேற்று என்னும் எளிய எசுத்தர் என்று தெரியவந்தது. பாம் எண்ணெயிலே மிகுந்து காணப்படும் அமிலமொன்றின் வழிவந்த பொருள் அது.

நேயர்களே, சற்று முன்னர் உங்களை மறவாதிருக்கும்படி வேண்டிக்கொண்ட செய்தி நினைவிருக்கின்றதா? என் அறையை மூடுங்கள் என்று புழு தன் செவிலியருக்கு அனுப்பும் செய்தியிலே இந்த எசுத்தரும் ஒன்று. தாயரை நோக்கிக் குழந்தை அழுகின்றது. அந்த அழுகுரலைக் கேட்டுத் திருடன் வீட்டு வாயிலை அறிந்துகொள்கின்றான். குழந்தை அழாதிருக்கவும் முடியாது. செய்தியை நிறுத்தினால் அறை மூடப்படாது. அறை மூடப்படாவிட்டால் புழு தேனீயாக மாறாது. தேனீயின் உயிர்வாழ்க்கைக்கு இன்றியமையாத செய்தியையே உண்ணி தன் வழிகாட்டியாகக் கொண்டிருக்கின்றது.

அதுமட்டுமன்று. மாறுவேடமும் பூணுகின்றது. தேனீயின் தோலைப் போர்த்திருக்கும் மெழுகுப் பொருள்களின் மணத்தை ஒத்த மணத்தை உண்ணியும் தன்மேற் கொண்டிருக்கின்றது. காவலர்கள் நிறைந்த வீட்டிலே காவலரின் உடையை அணிந்து திரியும் கள்வனை யார் பிடிப்பது?

இவனை ஒழிக்க மனிதன் முதலிற் கையாண்ட வழி நஞ்சு. ஆயினும் தேனீயும் உண்ணியும் கணுக்காலிகள் என்னும் ஒரே பெருந்தொகுதியைச் சேர்ந்தவை. ஒன்றைக் கொல்லும் நஞ்சு மற்றொன்றைத் தீண்டாதிருத்தல் அரிது. புளுவாலினேற்று என்னும் மருந்து ஊறிய பட்டிகளைப் பெட்டியினுள்ளே தொங்கவிடும் முறை 1980களில் நற்பயனளித்தது. ஆனால் 1990களிலே வட இத்தாலியில் அந்த மருந்துக்கு அஞ்சாத உண்ணிகள் தோன்றின. பின்னர் வேறு நாடுகளிலும் அவ்வாறே நிகழ்ந்தது. அன்றியும் இத்தகைய மருந்துகள் தேன்மெழுகிலே ஊறித் தங்கிவிடுகின்றன. பழைய மெழுகை உருக்கிப் புதிய தகடு செய்தாலும் நஞ்சு கூடவே வருகின்றது. ஒட்சாலிக்கமிலம், போமிக்கமிலம், ஓமத்துக்கு மணத்தைக் கொடுக்கும் தைமோல் என்பனவும் இன்று பரவலாக வழங்குகின்றன. இவை மெழுகிலே நஞ்சாகத் தேங்காமை நன்று. எனினும் ஒட்சாலிக்கமிலம் மூடிய அறையினுள்ளே மறைந்திருக்கும் உண்ணியை எட்டுவதில்லை. உண்ணிகளிற் பெரும்பகுதி மறைந்திருப்பதோ அங்கேதான். போமிக்கமிலத்தின் ஆவி மூடியை ஊடுருவும். ஆனால் வெயிலும் குளிரும் அறிந்து அளவோடு இடாவிட்டால் தேனீக்கே தீங்காகும்.

ஆகவே விஞ்ஞானிகள் வேறொரு வழியை நினைக்கத் தலைப்பட்டனர். பகைவன் மணத்தைக் கேட்டே வாழ்கின்றானாயின், அந்த மணத்தைக்கொண்டே அவனை ஏமாற்றலாகாதா? நஞ்சு உயிரைத் தாக்குவது. பொய்ச்செய்தி அறிவைத் தாக்குவது. பயிர்த்தொழிலிலே அந்துப்பூச்சிகளை இவ்வாறு மணப்பொறி வைத்துப் பிடிக்கின்றனர். தேன்கூட்டிலும் அது கைகூடுமா என்று பல நாடுகளில் ஆராய்ந்தனர்.

முதல் எண்ணம் தூண்டில். மெதயில் பாமிற்றேற்றை ஒரு பொறியிலே வைத்தால் உண்ணிகள் அங்கே திரளும் அன்றோ? ஆய்வுக்கூடத்துக் குழாயிலே திரண்ட உண்ணி, உண்மையான கூட்டிலே அங்ஙனம் திரளவில்லை. ஆயிரக்கணக்கான புழுக்கள் அதே மணத்தை வெளிவிடும் வீட்டிலே நாம் வைக்கும் பொறி, நண்பகல் வெயிலிலே ஏற்றிய கைவிளக்கைப் போன்றது. மணம் மட்டுமே உண்ணிக்கு வழிகாட்டுவதுமன்று. செவிலித் தேனீக்கள் ஓர் அறைக்கு எத்தனை தடவை வந்து போகின்றன, புழுவுக்கும் அறைவாயிலுக்கும் இடையே எவ்வளவு தூரம் உண்டு என்பனவும் சேர்ந்தே அதன் நுழைவைத் தீர்மானிக்கின்றன என்று பின்வந்தோர் எடுத்துக்காட்டினர்.

ஆயினும் செயற்கை மணம் செய்யத் தவறியதை உயிருள்ள தூண்டில் செய்கின்றது. ஆண் தேனீக்கென அமைந்த பெரிய அறைகளையுடைய வதையொன்றைப் பெட்டியின் நடுவே வைக்கின்றனர். இராணி அதிலே முட்டையிடுகின்றாள். உண்ணிகள் அந்த ஆண் புழுக்களை நாடித் திரள்கின்றன. அறைகள் மூடப்பட்டபின், ஆண் தேனீக்கள் வெளிவருமுன்னர், அந்த வதையை வெட்டியெடுத்து அழித்துவிடுகின்றனர். நஞ்சின்றி உண்ணிகளிலே ஒரு பெரும்பங்கு ஒழிகின்றது. ஐரோப்பாவிற் பலர் கையாளும் முறை இது. இதிலே ஓர் இடர் உண்டு. ஆண் தேனீ முட்டையிலிருந்து வெளிவர ஏறக்குறைய 24 நாள் ஆகும். அந்தக் கணக்கை மறந்து ஒருநாள் பிந்திவிட்டால், உண்ணியைப் பிடிக்க வைத்த வதையே உண்ணியை வளர்த்துக் கொடுக்கும் பண்ணையாகிவிடும். நாட்காட்டியிலே குறித்து வைப்பவனுக்கே இம்முறை உதவும்.

இரண்டாம் எண்ணம் குழப்புதல். இஸ்ரேல் நாட்டு வொல்கானி நிலையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உண்ணியின் முன்னங்கால் மூக்கை மயக்கும் செயற்கைப் பொருள்கள் சிலவற்றைச் சோதித்து 2014ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். அப்பொருள்களின் முன்னிலையிலே உண்ணி செவிலியை விடுத்து, தேன் திரட்டும் தேனீயை நாடலாயிற்று. தவறான வண்டியில் ஏறிய பயணியைப்போல அது வழிதவறிற்று. ஜேர்மனியின் ஹோகன்ஹைம் பல்கலைக்கழகத்தார் வேறு இரண்டு செய்திகளை ஆராய்ந்தனர். ஒன்று முட்டையிடத் தூண்டும் செய்தி. அறை மூடப்பட்டபின் வேலைத்தேனீயின் புழுவிலே 18 மணி நேரத்துக்குள்ளும், ஆண் தேனீயின் புழுவிலே 36 மணி நேரத்துக்குள்ளும் மட்டுமே உண்ணிக்கு அத்தூண்டுதல் கிடைக்கின்றது என்று 2013இல் அறிவித்தனர். முட்டை உருவாகத் தொடங்கிய உண்ணியை எடுத்துக் காலங்கடந்த புழுவின் அறையிலே விட்டபோது, மூன்றில் இரண்டு பங்கு உண்ணிகள் கருவளர்ச்சியை நிறுத்திவிட்டன. ஆகவே, இப்பொழுது முட்டையிடு என்று ஒரு மணமும், இனி இடாதே என்று வேறொரு குறிப்பும் இருக்கின்றன போலும். மற்றது, புதிதாகப் பருவமடைந்த பெண் உண்ணி ஆணை அழைக்கும் மணம். அதிலே ஒலேயிக்கமிலம் முதலிய கொழுப்பமிலங்கள் உண்டு. அந்த மணத்தை எங்கும் பரப்பினால் ஆண் உண்ணி உரிய பெண்ணை அறியாது மயங்குகின்றது. புணராது வெளியேறும் பெண் உண்ணிக்குப் பெண்மக்கள் பிறப்பதில்லை.

இவை கேட்க இனியவை. ஆனால் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டிலே பெற்ற வெற்றி முழுவதும் தேன்கூட்டிலே கிடைக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். தேன்மெழுகு மணப்பொருள்களை உறிஞ்சிக்கொள்கின்றது. தேனீக்கள் சிறகடித்து வீட்டுக் காற்றை ஓயாது வெளியேற்றுகின்றன. ஒவ்வொரு மூடிய அறையும் ஒரு தனி உலகமாக இருக்கின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் புகுத்தும் பொய்ச்செய்தியைத் தேனீயும் கேட்கின்றது. பகைவனைக் குழப்பப்போய் வீட்டாரையே குழப்பிவிடக்கூடாது.

இந்நிலையிலேதான் என் மாணவனின் வினா முன்வந்து நிற்கின்றது. எங்கள் பெட்டி ஏன் அழியவில்லை?

இதற்கான விடையின் ஒரு பகுதி நம் நாட்டிலேயே கிடைத்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. ஜேர்மானியரான கேனிகர் தம்பதியரும் விஜயகுணசேகரவும் இலங்கையிலுள்ள பொந்துத் தேனீக் குடிகளை ஆராய்ந்து, 1981ஆம் ஆண்டிலே தம் முடிவை வெளியிட்டனர். இங்கே உண்ணி ஆண் தேனீயின் அறைகளிலே மட்டும் இனம்பெருக்குகின்றது. வேலைத்தேனீயின் அறைகளிலே பெருக்குவதில்லை என்பது அவர்கள் கண்டது. ஆண் தேனீக்கள் ஆண்டு முழுவதும் பெருந்தொகையாக வளர்க்கப்படுவதில்லை. ஆகவே உண்ணியின் பெருக்கம் தானே அடங்கிவிடுகின்றது. ஐரோப்பியத் தேனீயிலோ ஆயிரக்கணக்கான வேலைத்தேனீயின் தொட்டில்களும் அதற்குத் திறந்தே கிடக்கின்றன.

ஆசியத் தேனீக்கு வேறு காவல்களும் உண்டு. உண்ணி புகுந்த வேலைத்தேனீயின் அறையை அது மோப்பத்தால் அறிந்து, திறந்து, உள்ளிருப்பதை அகற்றிவிடுகின்றது. ஆண் தேனீயின் அறை மூடியோ தடித்தது. பல உண்ணிகள் உறிஞ்சி நலிந்த ஆண் தேனீ அம்மூடியைத் திறந்து வெளிவர வலுவற்று உள்ளேயே மடிகின்றது. வேலைத்தேனீக்கள் அந்த அறையைத் திறவாது விட்டுவிடுகின்றன. உண்ணிகளும் உள்ளேயே புதைந்துபோகின்றன. நெடுங்காலம் ஒன்றோடொன்று வாழ்ந்த இரண்டு உயிர்கள் இங்ஙனம் ஓர் எல்லை வகுத்துக்கொண்டன.

ஐரோப்பியத் தேனீயிலும் இந்த மோப்பத் திறமை அடியோடு இல்லாமற் போய்விடவில்லை. நோயுற்ற புழுவின் அறையைத் திறந்து அகற்றும் தூய்மைப் பண்பு சில குடிகளிலே பரம்பரையாக வருவதென்று அமெரிக்கரான இறொதன்பூலர் 1964ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார். உண்ணி பற்றிய புழுவை அத்தகைய தேனீக்கள் எதனால் அறிகின்றன? பிரான்சின் அவிஞ்ஞோன் நகரத்து ஆய்வாளர்கள், உண்ணி பற்றிய புழுக்களின் அறைகளுக்கு உரிய ஆறு மணப்பொருள்களைப் பிரித்தறிந்து 2021ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். அவற்றை அறைகளின்மேல் இட்டபோது தேனீக்கள் அந்த அறைகளைத் திறந்தன. உண்ணியை எதிர்க்கும் வலிமையுள்ள குடிகள் அதனை மிகுதியாகச் செய்தன. அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் கிறீன்சுபரோப் பிரிவிலே வாகனர் என்பவர் இதே நெறியில் எளிய சோதனையொன்றை அமைத்தார். நலிந்த புழுவின் மணத்தை ஒத்த கலவையை மூடிய அறைகளின் சிறு வட்டமொன்றின்மேல் தெளித்து, இரண்டு மணி நேரம் கழித்து எத்தனை அறைகளைத் தேனீக்கள் திறந்திருக்கின்றன என்று எண்ணுவதே அச்சோதனை. மிகுதியாகத் திறந்த குடியின் இராணியிலிருந்து அடுத்த தலைமுறையைப் பெருக்குகின்றனர்.

இங்கே மணச்செய்தியின் பயன் தலைகீழாக மாறுவதைக் கவனியுங்கள். முன்னர் பகைவனின் மூக்கை ஏமாற்ற முயன்றோம். இப்பொழுதோ வீட்டாரின் மூக்கைச் சோதித்து, கூரிய மூக்குடையோரைத் தேர்ந்துகொள்கின்றோம். பொய்ச்செய்தியைக் கூட்டினுள் ஆண்டு முழுவதும் பரப்பவேண்டியதில்லை. பரீட்சை வினாத்தாளைப்போல ஒருமுறை கொடுத்துப் பார்த்தாற் போதும். ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டு கழித்த எனக்கு இந்த வழி மிகவும் பிடித்திருக்கின்றது. மாணவனுக்கு விடையைக் காதிலே ஓதிக்கொண்டே இருப்பதனால் அவன் அறிஞனாவதில்லை. தானே கண்டறியும் ஆற்றல் எவனிடம் உண்டு என்று அறிந்து, அதை வளர்த்தலே நிலைத்த பயனைத் தரும்.

இது விரைவிலே முடியும் பணியன்று. இராணி வானிலே பறந்து அயற்குடிகளின் ஆண்களோடு சேர்வதனால் நற்பண்பு ஒரு தலைமுறையிலே கலந்து குறையக்கூடும். ஆகவே அமிலமும் தைமோலும் ஆண்வதைத் தூண்டிலும் இன்னும் நெடுங்காலம் வேண்டப்படும். ஒரே மருந்தை ஆண்டாண்டாக நம்பியிருந்ததனால் வந்த கேட்டை மேலைநாட்டார் கண்டுவிட்டனர். அளவறிந்தும் முறைமாற்றியும் பல வழிகளைச் சேர்த்துக் கையாளுவதே இன்று அறிந்தோர் கூறும் நெறி.

நாம் கற்கவேண்டியது யாது? இவ்வளவு துன்பமும் ஒரு தேனீயை அதன் இடத்திலிருந்து பெயர்த்து, முன்பின் அறியாத அயலவரோடு மனிதன் கொண்டுபோய்ச் சேர்த்ததனால் விளைந்தது. ஒரு பெட்டியைக் கப்பலிலே ஏற்றுபவன் தேனீயை மட்டும் ஏற்றுவதில்லை. அதனோடு ஒட்டியுள்ள உயிர்களையும் நோய்களையும் சேர்த்தே ஏற்றுகின்றான். நம் பொந்துத் தேனீ தரும் தேன் ஐரோப்பியத் தேனீ தருவதிலும் குறைவுதான். ஆயினும் தன் பகைவனை எல்லையிலே நிறுத்திவைக்கும் அறிவை அது தன் குடியிலேயே கொண்டிருக்கின்றது. அந்த அறிவை விலைக்கு வாங்க முடியாமல் உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் பாடுபடுகின்றன என்பதை எண்ணும்போது, மாமரத்தடியிலுள்ள எங்கள் சிறிய பெட்டியின்மேல் எனக்கு மதிப்பு உயர்ந்துவிட்டது.

என் மாணவனுக்கு இதையெல்லாம் சொல்லி முடித்தேன். அவன் சற்று நேரம் பெட்டி வாயிலையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னர், "அப்படியென்றால் ஐயா, அந்த ஆண் அறையை நான் திறந்திருக்கக்கூடாது, அதைத் தேனீயே மூடிப் புதைத்திருக்கும்" என்றான். ஒட்டுக்கேட்பவனுக்கு எதிராகத் தேனீ தன் வீட்டிலே செய்துவரும் காவலை அவன் புரிந்துகொண்டுவிட்டான். இனி அவன் முள்ளை எடுக்குமுன் ஒருமுறை யோசிப்பான் என்று நம்புகின்றேன்.